உடன் படித்தோர்: பாலாற்றங்கரைப் பழைய மாணவர் கதை

ஒருவர் எழுதிய நூலுக்குப் பாயிரம் எழுதும் தகுதி யாருக்கு உண்டு? பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு விதி சொல்லியிருக்கிறார். ஆசிரியர் எழுதலாம், மாணவர் எழுதலாம், உரைகாரர் எழுதலாம். இவர்களோடு இன்னொருவரையும் சேர்த்திருக்கிறார்: உடன் கற்றவர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது மரபு. 'ஒருசாலை மாணாக்கர்' என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். அண்ணன், தம்பி, மாமன், மச்சானுக்குக் கொடுக்காத உரிமையைக் கூடப் படித்தவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இந்த முறை எழுத எடுத்துக்கொண்டது அந்த உறவைப் பற்றித்தான். வழக்கம்போல் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. நான் படித்தது கீழே சொல்லப்போகும் கல்லூரிகளில் ஒன்றில். எது என்று சொன்னால் மற்ற கல்லூரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். பட்டம் முடிந்ததும் அஞ்சல் துறையில் சேர்ந்தேன். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே சர்வீஸ் முடிந்தது. கடிதங்களோடு வாழ்ந்ததால், யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள், யார் விட்டுப் போனார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே இருந்து பார்த்தவன்.

நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இரண்டு வேர்கள். ஒன்று மிஷன், மற்றொன்று தோல்.

முதலில் மிஷன். 1853-ல் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன்தான் ஊரீசு கல்லூரிக்குத் தாய். 1898-ல் அது கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால், 1900 முதல் 1904 வரை வேலூரில் இங்கேதான் படித்தார். அவருக்குத் திருமணம் நடந்ததும் அந்த வேலூர் நாட்களில்தான். ஊரீசில் படித்த எந்தக் கிழவரையும் கேளுங்கள், மூன்றாவது வாக்கியத்தில் ராதாகிருஷ்ணன் வந்துவிடுவார். பிறகு 1951-ல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி வந்தது, 1954-ல் காட்பாடியில் பெண்களுக்காக ஆக்சீலியம் வந்தது.

அடுத்தது தோல். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965, ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969. தோல் வியாபாரம் செய்தவர்கள் கூடிச் சங்கம் வைத்து, பணம் போட்டுக் கட்டியவை. மேல்விஷாரத்துக் கல்லூரியின் பெயரில் இருக்கும் அப்துல் ஹக்கீம் சாகிப் 1863-ல் பிறந்து 1938-ல் மறைந்த தோல் வணிகர், பெரிய கொடையாளி. சென்னை சென்ட்ரல் எதிரே பயணிகள் தங்க 1921-ல் சித்திக் சராயைக் கட்டியவரும் அவர்தான்.

அப்போதெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் லண்டனுக்குக் கப்பலேறும். அந்தக் காசில் கட்டிய வகுப்பறைகளில் எல்லா சாதியும் எல்லா மதமும் உட்கார்ந்து படித்தது. கவிக்கோ அப்துல் ரகுமான் ஏறத்தாழ முப்பதாண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தது வாணியம்பாடி இஸ்லாமியாவில்தான். 'ஆலாபனை'க்காக 1999-ல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது, வாணியம்பாடியில் அவரிடம் படித்தவர்களுக்குத் தங்களுக்கே கிடைத்த மாதிரி இருந்தது.

இந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் பிரிந்தபின் எப்படித் தொடர்பு வைத்திருந்தார்கள்? இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தபால் கார்டு, கல்யாணப் பத்திரிகை, சாயங்கால ரயில், பெரியமேட்டுத் தோல் மண்டி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சு. இந்த ஐந்தும்தான். யாருக்கு எங்கே வேலை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் இவற்றின் வழியாகவே வந்து சேரும். பாதிப் பேர் சென்னையில் வேலை பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர் வந்துவிடுவார்கள். ரயில் பெட்டியில் ஆற்காட்டுக்காரர், ஆம்பூர்க்காரர், ஜோலார்பேட்டைக்காரர் என்று வகுப்பே திரும்பக் கூடிவிடும்.

இந்த உறவு எவ்வளவு பலமாக இருக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் சி.எம்.சி. 1918-ல் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது, ஆறு பேர் விண்ணப்பித்தாலே ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொன்னாராம். வந்த விண்ணப்பங்கள் 151. 1922-ல் முதல் அணியாக 14 பெண்கள் எல்.எம்.பி. முடித்து வெளியே வந்தார்கள். 1930-களின் கடைசியில் சென்னை அரசு எல்.எம்.பி. படிப்பையே நிறுத்த முடிவு செய்தது. இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான், அதற்குத் தகுந்த கட்டடமும் படுக்கைகளும் உயர்படிப்புப் படித்த பேராசிரியர்களும் வேண்டும், இல்லையென்றால் மூடவேண்டியதுதான் என்ற நிலை. எழுபது வயதைத் தாண்டிய ஐடா அம்மையார் அமெரிக்காவுக்குப் போய், யுத்த காலத்தில், ஊர் ஊராக நிதி கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். கிடைத்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள்.

தபால்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் வேலூருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். எங்கள் துறையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

அந்தக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி விபத்துக்குள்ளாகி, அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. டாக்டர் பால் பிராண்ட் தைரியம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. அவருடைய மனவலிமையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவரைச் சுற்றி நின்ற, கூடப் படித்து, கூட வேலை பார்த்த ஒரு கூட்டத்தையும் நான் சேர்த்து நினைப்பேன். விழுந்தவளை 'பாவம்' என்று வீட்டுக்கு அனுப்பாமல், 'நாளைக்கு என்ன வேலை செய்யப் போகிறாய்' என்று கேட்ட கூட்டம் அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டாக்டர்களான பெண்களின் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இருந்தது. தேடினால் கிடைத்தார்கள். சாதாரணமாக பி.ஏ., பி.எஸ்ஸி. படித்த பெண்கள் கிடைக்கவில்லை. என் மனைவி காட்பாடியில் படித்தவள். கல்யாணமானதும் இனிஷியல் மாறும், ஊர் மாறும், பின்கோடு மாறும். பழைய பெயருக்குப் போட்ட கார்டு 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வரும். அப்படித் திரும்பிய கார்டுகளை என் கையால் எத்தனையோ முத்திரை குத்தியிருக்கிறேன். அவள் தன் நெருங்கிய தோழியை 31 வருஷம் கழித்துச் சந்தித்தது சி.எம்.சி.யில் ரத்தப் பரிசோதனை வரிசையில். இருவருக்கும் சர்க்கரை.

இப்போது எங்கள் செட்டின் கதைக்கு வருகிறேன். நாங்கள் வகுப்பில் 58 பேர். 1978-லிருந்து ஒவ்வொரு வருஷமும் காணும் பொங்கலன்று கூடுவது என்று வைத்துக்கொண்டோம். ஆம்பூரிலோ ஏலகிரியிலோ நடக்கும். கார்டு 15 பைசா. எல்லோருக்கும் எழுதிப் போடுவது என் வேலை, விலாச நோட்டும் என்னிடம்தான். ஆம்பூர் என்றால் சீரகசம்பா பிரியாணியும் கத்திரிக்காய்ப் பச்சடியும் உண்டு. சைவக்காரர்களுக்குத் தனியாகத் தயிர்சாதம்.

எங்களில் ஒருவன் பெரிய தோல் குடும்பத்துப் பிள்ளை, பிறகு சொந்தமாக டேனரி வைத்தான். எல்லோரும் 'பாய்' என்போம். இன்னொருவன் பாலாற்றோரத்து விவசாயி மகன், தென்னந்தோப்பும் நெல்லும். முதல் வருஷத்திலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு.

நாங்கள் படித்த காலத்திலிருந்தே தோல் தொழில் மாறிக்கொண்டிருந்தது. பட்டை போட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வது குறைந்து, முடித்த தோலும் ஷூவும்தான் போகவேண்டும் என்று அரசாங்கம் 1970-களில் திருப்பிவிட்டது. ஆவாரம்பட்டை போய் குரோம் வந்தது. ஷூ கம்பெனிகள் வந்தன, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே வந்தது கழிவுநீர். குரோமைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் கிணற்றைக் கெடுத்ததில் பெரிய பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் வரும். ஊறவைத்து அலசும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்கும். மற்ற அழுக்கை நீக்கும் சுத்திகரிப்பு நிலையம்கூட கரைந்த உப்பை எடுக்காது. அது மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறி, தென்னையின் குருத்தில் வந்து நிற்கும்.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருந்த 1993-ல் எங்கள் காணும் பொங்கல் கூட்டம். இலை போட்டாயிற்று. விவசாயி நண்பன் உட்காரவில்லை.

"என் கெணத்துல ஒரு டம்ளர் தண்ணி மொண்டு கொண்டாந்திருக்கேன். நீ குடிச்சுக் காட்டுடா பாய், அப்புறம் நான் சாப்பிடறேன்" என்றான்.

பாய் முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட 120 பேரு வேலை செய்யறாங்க. நாளைக்குப் பூட்டிட்டா அவங்க வீட்ல நீ அடுப்பு பத்த வைப்பியா?"

இருவர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் எங்களில் யாராலும் பஞ்சாயத்து பண்ண முடியவில்லை. அன்றோடு கூட்டம் நின்றது.

1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போனதாக வேலூர் வேளாண் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு சொன்னதைத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. மாசு செய்தவரே ஈடு கொடுக்கவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிடத் தனி அமைப்பு. இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. இன்றைக்கு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் வழக்கு இது. எங்களுக்கு அது ஒரு பெஞ்சில் உட்கார்ந்த இருவர் பேசாமல் போன வழக்கு.

அந்த வருஷங்களில் பல டேனரிகள் பூட்டப்பட்டன. பாயும் கொஞ்ச நாள் பூட்டினான். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து திறந்தான். விவசாயி நண்பன் தோப்பில் பாதியை வெட்டிவிட்டு மாடு வாங்கினான். இருவரும் எனக்குக் கார்டு போடுவார்கள். ஒருவன் கார்டில் மற்றவன் பெயர் இருக்காது. ஆனால் 'மற்ற நண்பர்கள் நலமா' என்ற வரி மட்டும் இரண்டிலும் தவறாமல் இருக்கும்.

2006-ல் விவசாயி நண்பனுக்கு இருதய ஆபரேஷன், வேலூரில். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று அவன் மகன் எனக்கு போன் செய்தான். நான் நோட்டைப் புரட்டி எல்லோருக்கும் சொன்னேன், பாய்க்கும் சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு பாய் தன் இரண்டு பிள்ளைகளையும் ஷூ கம்பெனிப் பையன்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், நான் வெளியில்தான் இருந்தேன். 2007 காணும் பொங்கலுக்கு மறுபடி கார்டு போட்டேன். அப்போது கார்டு 50 பைசா.

அந்தக் கூட்டத்துக்கு விவசாயி நண்பன் ஒரு புது ஆளைக் கூட்டி வந்தான். புது ஆள் இல்லை, எங்களோடு ஒன்றரை வருஷம் படித்தவன். பீஸ் கட்ட முடியாமல் இரண்டாம் வருஷம் நின்றுபோய், சுண்ணாம்புத் தொட்டியில் வேலைக்குப் போனவன். கடைசி வருஷ குரூப் போட்டோவைப் பார்த்துத்தான் ஆரம்பத்தில் விலாசப் பட்டியல் போட்டது. போட்டோவில் அவன் இல்லை, ஆகவே பட்டியலிலும் இல்லை. அவன் இருந்த காலனி ஆம்பூரிலிருந்து நாலு மைல்.

சாப்பிட்டு முடித்ததும் இருவரையும் பார்த்து அவன் சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டீங்களாமே. கம்பெனி பூட்டினப்ப எனக்கு எட்டு மாசம் கூலி இல்ல. எங்க காலனிக்குக் குடிக்கிற தண்ணி லாரியில வந்துச்சு. எனக்குக் கெணறும் இல்ல, கம்பெனியும் இல்ல. நான் யார் கூட சண்ட போடறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. பாய் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்த வருஷத்திலிருந்து வகுப்புக்கு ஒரு நிதி வைத்தோம். வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம். பீஸ் கட்ட முடியாமல் இரண்டாம் வருஷம் நிற்கும் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. அந்த விதியை எழுதியவன் அவன்தான்.

நமக்கு மட்டும் இப்படி என்றில்லை. அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரிப் பழைய மாணவர்கள் 1821-ல் சங்கம் அமைத்தார்கள். இந்த மாதிரிச் சங்கங்களில் அதுவே மூத்தது என்பார்கள். கல்லூரி சிரமத்தில் இருந்தபோது அதைக் காப்பாற்றக் கூடியவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். யுத்தத்தில் ஊரே சிதறியபோது, டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்த பழைய மாணவர் சங்கங்கள்தான் தங்கள் பள்ளிகளுக்குக் கூரையும் நூலகமும் போட்டுக்கொடுத்தன. ஐடா அம்மையாரின் தாத்தா ஜான் ஸ்கட்டர் பணி செய்ததும் அந்த யாழ்ப்பாணப் பண்டத்தரிப்பில்தான் என்பது இன்னொரு உறவு.

இப்போது கார்டு போய்விட்டது. தந்தி 2013 ஜூலையில் நின்றது. எல்லாம் வாட்ஸ்அப். மாவட்டமும் மூன்றாகிவிட்டது. 2019-க்குப் பிறகு பாய் திருப்பத்தூர் மாவட்டம், நான் வேலூர், இன்னும் பத்துப் பேர் ராணிப்பேட்டை. எங்கள் குழுவில் இப்போது 29 பேர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி தீர்ப்புச் சொன்னபோது, இழப்பீடு கொடுத்தே ஆகவேண்டும், கண்காணிக்கக் குழு வேண்டும் என்று செய்தி வந்தது. குழுவில் உடனே சூடு பிடித்தது. "இங்கே கோர்ட் விஷயம் வேண்டாம், குட்மார்னிங் மட்டும் போடுங்கள்" என்று ஒரு நண்பர் கேட்டுக்கொண்டார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. விவசாயி நண்பனும் பாயும் ஒப்புக்கொள்ளவில்லை. 1993-ல் விட்டதை இப்போது எழுபது வயதுக்கு மேல் நிதானமாகப் பேசுகிறார்கள். உப்பை முதலிலேயே தட்டி எடுத்துவிட்டு ஊறவைப்பது, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திருப்பிப் பயன்படுத்துவது என்று பாய் விளக்குவான். கிணற்றின் உப்பு அளவை மாதாமாதம் எழுதிவைத்திருக்கும் நோட்டைப் போட்டோ எடுத்து நண்பன் பதிலுக்குப் போடுவான். யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் யாரும் குழுவை விட்டுப் போகவும் இல்லை. உடன் கற்றவனுக்குப் பாயிரம் எழுதும் உரிமை கொடுத்தார்களே, அது முகஸ்துதிக்காக இருந்திருக்க முடியாது. நம்மை ஆரம்பத்திலிருந்து தெரிந்தவன் சொன்னால் ஊர் நம்பும் என்பதற்காகத்தான்.

நண்பர்களே, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் செட்டும் கூடுவதாக இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். கூடப் படித்த பெண்களின் பெயரை அப்பா இனிஷியலோடும் எழுதுங்கள், இப்போதைய இனிஷியலோடும் எழுதுங்கள். அப்புறம் குரூப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாதவர்கள் யார் என்று யோசியுங்கள். முதல் போன் அவர்களுக்குப் போகட்டும்.